ஞாயிற்றுக்கிழமை வந்த திதி

எங்கள் சங்கத்துக்குச் சோறு போட ஆள் உண்டு. டீசல் போடத்தான் ஆள் இல்லை.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். கடலூர் முதுநகரில் பல வருஷம் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவள் நான். ஜெயராணி டீச்சர் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தால் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கச் சொல்வேன். கம்ப்யூட்டர் வந்து இன்ஸ்டிட்யூட் போனது, சர்க்கரை வந்து கிட்னி போனது. இப்போது என் உடம்பில் ஒழுங்காக வேலை செய்வது கோபம் ஒன்றுதான்.

முத்துமாரி நகர் குடியிருப்போர் நலச் சங்கம், தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மனு எழுதுவதற்காக ஆரம்பித்த சங்கம். செயலாளர் அறிவழகன் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அவருடைய அக்காவுக்கும் என் வியாதிதான். டயாலிசிஸுக்குப் பஸ்ஸில் போய் வந்து, முடியாமல் ஒரு நாள் விட்டு, இரண்டு நாள் விட்டு, கடைசியில் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அறிவழகன் வீடு வீடாக ஏறி இறங்கி, சங்கத்தின் பேரில் ஒரு பழைய வேன் வாங்கினார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் எங்களை ஏற்றிக்கொண்டு வண்டி சிதம்பரம் போகும். எங்களுக்கு மெஷினில் இடம் கிடைத்தது அங்கேதான். வைத்தியம் காப்பீட்டு அட்டையில் நடந்துவிடும். போய் வருவதுதான் பாடு. நாலு மணி நேரம் மெஷினோடு கிடந்துவிட்டு எழுந்தால் கெண்டைக்கால் இழுக்கும், தலை சுற்றும், குமட்டும். அந்தக் கோலத்தில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தோடு முண்டியடித்து ஏறிப் பாருங்கள், அந்த வேன் எங்களுக்கு என்ன என்பது புரியும்.

வண்டியில் நாங்கள் ஐந்து பேர். ஓட்டுகிறவர் பக்கிரி, சம்பளம் வாங்க மாட்டார், வாயையும் மூட மாட்டார். எனக்குப் பக்கத்து சீட் தனக்கோடிக்கு. சோனாங்குப்பத்துக்காரர், கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆள். ஒரு காலத்தில் எப்படி இருந்திருப்பார் என்பதை அவருடைய தோள் எலும்பின் அகலத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மற்றபடி சட்டைதான் உட்கார்ந்திருக்கும்.

சங்கத்துக் கடிதங்களை டைப் அடித்துக் கொடுப்பது நான்தான். "அன்புடையீர், எங்கள் ஊர்திக்கு எரிபொருள் உதவி வேண்டி" என்று எத்தனை பேருக்கு அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பதில் வரும். வராமல் இருக்காது, நம் ஊர்க்காரர்கள் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. போன் போட்டு, "எங்க பாப்பாவுக்கு பர்த்டே. எத்தினி பேரு இருக்கீங்க? சாப்பாடு குடுக்கறோம்" என்பார்கள். கல்யாண நாளுக்குச் சாப்பாடு, அம்மா திவசத்துக்குச் சாப்பாடு, பையன் பாஸ் ஆனதற்குச் சாப்பாடு. "சாப்பாடு வேணாங்க, அந்தக் காசுக்கு டீசல் போட்டுத் தாங்களேன்" என்று அறிவழகன் கெஞ்சினால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது, சாராயத்துக்குக் காசு கேட்ட மாதிரி. ஒரு அம்மா மட்டும் மனசு விட்டுக் கேட்டார்: "டீசல் போட்டா போட்டோவுல என்னாத்த சார் காட்டறது?"

சோறு போட்டால் புண்ணியம். டீசல் போட்டால் அது வெறும் செலவு. இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியாது, எல்லாருக்கும் மனப்பாடம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாப்பாட்டை நாங்கள் சாப்பிட முடியாது. கிட்னி வெளியே தள்ள வேண்டியதை எங்களுக்கு மெஷின்தான் தள்ளுகிறது. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவே வாழைப்பழம், தேங்காய், தக்காளி, பருப்பு, கீரை என்று இஷ்டத்துக்குத் தின்றால் பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்றுபோகும். அறிகுறியெல்லாம் காட்டிக்கொண்டிருக்காது. தண்ணீரையே டம்ளரால் அளந்து குடிக்கிற ஜாதி நாங்கள். சாம்பார், பாயசம், வாழைப்பழத்தோடு வரும் பொட்டலங்களைக் கையில் வாங்கி, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் ஆட்டோக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோம். கொடுப்பதற்கு முன்னால் தனக்கோடி ஒவ்வொரு பொட்டலத்தையும் மூக்குக்கு நேராகத் தூக்கி மோந்து பார்ப்பார்.

"வடை உளுந்து டீச்சர். மொளகு போட்டிருக்கான்" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

சித்திரை முடிகிற சமயத்தில் சங்கத்தில் பணம் வற்றிவிட்டது. சந்தா கொடுப்பதை முக்கால்வாசிப் பேர் நிறுத்திவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் இனிமேல் கடன் இல்லை என்றார்கள். பொதுக்குழு கூட்டினார் அறிவழகன். வந்தவர்கள் எல்லாரும் நகர் முகப்பில் வளைவு கட்டுவதைப் பற்றியே பேசினார்கள். யார் யார் பெயரைக் கல்லில் வெட்டுவது, எந்த வரிசையில் வெட்டுவது என்பதில் பெரிய ரகளை. வண்டிப் பேச்சு வந்தபோது பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் பொன்னுரங்கம் பெரிய மனசோடு விளக்கினார். "வண்டிய எத்தினி நாளைக்கிம்மா இழுத்துக்கிட்டு கெடக்கறது? வளைவுன்னா காலத்துக்கும் நிக்கும்."

"நாங்க காலத்துக்கும் நிக்க மாட்டோம் சார். இருக்கற வரைக்கும் ஓட்டுங்கன்னுதான் கேக்கறோம்" என்றேன்.

ஆனி மாதக் கடைசி வரை ஓட்டுவது, அதற்குள் நிதி வராவிட்டால் நிறுத்திவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தையும் நான்தான் டைப் அடித்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன்.

அப்போதுதான் ராஜாமணி வந்தார். நகர் முகப்பில் ஹார்டுவேர் கடை அவருடையது, வீடு சிதம்பரத்தில். நான் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து இன்னொரு வேண்டுகோள் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் அறிவழகனிடம் சொன்னதைக் கேட்டு என் விரல்கள் நின்றுவிட்டன.

"அறிவு சார், டீசல நான் பாத்துக்கறேன். வருசம் பூரா. பங்குல சொல்லிடறேன், ஒங்க வண்டி போயி நின்னா போட்டு அனுப்பட்டும்."

அறிவழகன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ராஜாமணி நல்ல மனிதர். அதை இப்போதும் சொல்வேன், என் கோபத்தில் அவருக்குப் பங்கு இல்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும் சார். அப்பா போயி வர்ற ஆனியோட ஒரு வருசம் ஆவுது. மொத திதி. சிதம்பரத்துல மண்டபம் சொல்லியிருக்கேன். ஒங்க பேஷண்ட்டுங்க எல்லாரும் வந்து எல போட்டு வயிறார சாப்புடணும். நோயாளி வயிறு குளுந்தா அது நேரா அப்பாவுக்குப் போயி சேரும்னு எங்க சாமி சொன்னாரு."

"சார், இவுங்களுக்கு சாப்பாட்டுல நெறைய கட்டுப்பாடு இருக்குது. வாழப்பழம், பலாப்பழம்லாம் தொடவே கூடாது. உசுருக்கே ஆபத்து சார்."

"ஒரு நாளு சாப்புட்டா ஒண்ணும் ஆவாது சார். நல்ல மனசோட போடற சோறு கெடுதல் பண்ணுமா?"

அறிவழகன் விடவில்லை, பாவம். திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் எங்களுக்கு மட்டும் தனியாகச் சாதமும் வேகவைத்து வடித்த காயும் போடுவதாக ராஜாமணி ஒப்புக்கொண்டார். எந்த நாள் என்று கேட்டார் அறிவழகன்.

"ஞாயித்துக்கெழம."

நான் டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்கினேன். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது திங்கட்கிழமைதான். நடுவில் முழுசாக இரண்டு நாள் மெஷின் கிடையாது. வாரத்தில் எங்களுக்கு ஆகாத நாள் என்று ஒன்று இருந்தால் அது ஞாயிறு. சிஸ்டர் ஒவ்வொரு வெள்ளியும் ஊசியைப் பிடுங்கும்போது சொல்லி அனுப்புவது அதைத்தான்.

"வெள்ளிக்கிழமை வெச்சிக்கலாமா சார்? மெஷினுக்குப் போற நாளுல காலையில சாப்புட்டா அவ்வளவு பயம் இல்ல" என்றேன்.

ராஜாமணி என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "டீச்சர், நீங்க கிறிஸ்டியன், ஒங்களுக்குத் தெரியாது. திதிய நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியுமா?"

மாற்ற முடியாதுதான். நவம்பர் இரண்டாம் தேதிக் கல்லறைத் திருநாளை நாங்கள் மாற்றுவோமா என்ன? அவர் போனதும் நானும் அறிவழகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வருஷம் பூரா டீசல். எங்கள் இரண்டு பேர் மனசிலும் ஓடியது அது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டி மண்டபத்தின் முன் போய் நின்றது. ராஜாமணியின் அப்பாவுக்குத் திருவதிகைப் பக்கம் பலாத்தோப்பு. மாலை போட்ட படத்தின் முன்னால் அந்தத் தோப்புப் பழத்தைப் பிளந்து சுளையைக் குவித்து வைத்திருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மணம் வந்து மூக்கைப் பிடித்தது. தனக்கோடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

தனியாகச் சமைத்த சோறு இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பரிமாறியது ராஜாமணி வீட்டுப் பெண்கள். திதிச் சாப்பாட்டில் ஒரு இலைக்கு ஒரு மாதிரியும் இன்னொரு இலைக்கு வேறு மாதிரியும் போட அவர்களுக்கு மனசு வருமா? வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் படத்தில் மாமனார். எங்கள் இலையிலும் எல்லாம் விழுந்தது. சாம்பார், கூட்டு, வடை, பாயசம், வாழைப்பழம், கடைசியாகச் சுளை. போட்டோக்காரன் குனிந்து குனிந்து எடுத்தான். ராஜாமணி ஒவ்வொரு இலையாகக் கை கூப்பிக்கொண்டு வந்தார்.

நான் இலையை மடித்துச் சுளையை மறைத்தேன். மற்றவர்களும் கொறிப்பது போலப் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். தனக்கோடி பாவனை செய்யவில்லை. சாம்பாரைப் பிசைந்து வாய் நிறைய வைத்தார். பாயசத்தை இலையிலிருந்து கையாலேயே வழித்தார். சுளைக்குக் கை போனபோது அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம்யா. நாளைக்கி வரைக்கும் மெஷின் இல்லன்னு நெனப்பு இருக்குதா?"

"நாளைக்கித்தான டீச்சர் மெஷினு."

"அதுக்குள்ள எதுனா ஆயிடும்யா."

அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். கோபம் இல்லை. "வாரத்துல மூணு நாளு உசுர புடிச்சி வெக்கறதுக்கே போயிடுது டீச்சர். மீதி நாளுல அந்த உசுர வெச்சிக்கிட்டு என்னா பண்றதுன்னு எனக்கு யாருமே சொல்லல."

எனக்கும் யாரும் சொல்லவில்லை. அவர் தின்றார். ஒன்று, இரண்டு என்று எண்ண நான் விரும்பவில்லை. எதிர்ச்சுவர் பக்கம் நின்ற அறிவழகன் பார்த்துவிட்டார். வேகமாக எங்களை நோக்கி வந்தார். பாதி வழியில் ராஜாமணி அவருடைய தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பாருங்க சார் அவுரு சாப்புடறத. எங்க அப்பாவே ஒக்காந்து சாப்புடற மாதிரி இருக்கு."

சொல்லும்போது ராஜாமணி அழுதார். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அறிவழகன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். தோளில் இருந்த கையோடு அங்கேயே நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை ராஜாமணியின் டீசலைப் போட்டுக்கொண்டு வண்டி கிளம்பியது. சோனாங்குப்பம் திருப்பத்தில் தனக்கோடி நிற்கவில்லை. பக்கிரி ஹாரன் அடித்தார். "என்னா மச்சான், நேத்து சோறு எறங்கலியா?" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். தனக்கோடியின் மனைவி இருசம்மாள் முடியை அள்ளி முடியாமல் ஓடி வந்தாள். வண்டியின் கதவைப் பிடித்தாள். விடியற்காலையில் நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லி எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

நாங்கள் இறங்கி நிற்க முடியவில்லை. அது எங்கள் டயாலிசிஸ் நாள். விட்டால் அவரைப் போலவே நாங்களும் சாய வேண்டியதுதான். கூட வந்திருந்த அறிவழகன் மட்டும் இறங்கி அந்த வீட்டுக்குப் போனார். ஒருவர் செத்த வீட்டுத் தெருமுனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு மற்றவர்கள் உயிர் பிழைக்கப் போனோம். ஆலப்பாக்கம் தாண்டும் வரை பக்கிரிகூட வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தனக்கோடி போன செய்தியைச் சொன்னதும் சிஸ்டர் கேட்டாள், "ஞாயித்துக்கெழம என்ன சாப்புட்டார்?"

சொன்னேன். "பலாப்பழமா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் என் கையில் ஊசியைக் குத்தினாள்.

சாவுக்கு ராஜாமணி பெரிய மாலையோடு வந்தார். "புண்ணியவான் சார் இவுரு. கடைசியா எங்க அப்பா பேர சொல்லி சாப்புட்டுட்டுப் போயிருக்காரு" என்று தேம்பினார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அது மட்டும் இல்லை, இனிமேல் ஒவ்வொரு அமாவாசைக்கும் எங்களுக்கு இலை போடப் போவதாக அறிவழகனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அறிவழகன் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"டீச்சர், ராஜாமணி சார்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கறேன். இருசம்மாகிட்டயும் சொல்லணும். நெஞ்சுல வெச்சிக்கிட்டு தூங்க முடியல. எங்க அக்காவ பஸ்ஸு கொன்னுது. இவுர நான் நின்னு வேடிக்க பாத்தேன்."

"சொன்னா டீசல் நின்னுடும்."

"தெரியும்."

"அப்ப சொல்லாதீங்க" என்றேன். "எனக்கு வெள்ளிக்கெழம வண்டி வேணும் சார். எனக்கு சாவறதுக்கு பயமா இருக்கு."

இதை இவ்வளவு பச்சையாக அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அறிவழகன் தலையை ஆட்டினார். அமாவாசைச் சாப்பாட்டை எப்படியாவது தட்டிக்கழித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

தனக்கோடியின் சீட்டுக்கு அய்யனார் என்று ஒருவர் வந்தார். வெல்டிங் வேலை பார்த்தவர், காத்திருந்தவர்களில் அடுத்த ஆள். ஒருவர் போனால்தான் ஒருவருக்கு இடம், எங்கள் வண்டியில் அதுதான் வழக்கம். புதுசு. பசி இன்னும் அடங்காத ஆள். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று சொல்லிக் கொடுத்தால் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று கேட்டுக்கொண்டு, எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி திரும்பி வந்து நகர் முகப்பில் நின்றபோது, ராஜாமணி கடை வாசலில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தது. இருசம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூலின் மேல் மூடி போட்ட பாத்திரங்களும் நறுக்கிய இலையும். ராஜாமணியே நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களோடு வந்திருந்த அறிவழகன் என் முழங்கையைப் பிடித்தார்.

"எறங்குங்க எல்லாரும்" என்றாள் இருசம்மாள். "அன்னிக்கு சாப்புட்டுட்டு வந்து அவுரு வாய் ஓயாம அதத்தான் டீச்சர் சொல்லிக்கிட்டு இருந்தாரு. எத்தினியோ வருசம் கழிச்சி வவுறு நெறஞ்சிதுடின்னாரு. என்னென்ன போட்டாங்கன்னு ஒண்ணு வுடாம சொன்னாரு. அதையே செஞ்சி எடுத்தாந்திருக்கேன். அவுரு பேர சொல்லி நீங்க சாப்புடணும்."

மூடியைத் திறந்தாள். சாம்பார், வடை, பாயசம். ஒரு தூக்கில் பலாச்சுளை. தள்ளுவண்டியில் வாங்கியிருப்பாள். அதற்கு என்ன செலவழித்திருப்பாள், எதை அடகு வைத்திருப்பாள்? வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறோம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். பொட்டலங்களை வாங்கி வாங்கி அது எங்களுக்குப் பழக்கம்தானே?

அய்யனாருக்கு அந்தப் பழக்கம் இல்லை. யாரும் உட்காருவதற்கு முன்னாலேயே அவர் தூக்கில் கையை விட்டு ஒரு சுளையை எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை. இனி இரண்டு நாள் மெஷின் இல்லை. வாய்க்குப் பக்கத்தில் கை போய்விட்டது.

நான் யோசிக்கவில்லை. இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகளின் கையைத் தட்டுவது போல ஓங்கித் தட்டினேன். "கைய எடுய்யா! இத தின்னா செத்துப்போவ!" என்று கத்தினேன். சுளை மண்ணில் விழுந்தது.

வாயிலிருந்து போனபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. இருசம்மாள் கரண்டியோடு நின்றாள். ராஜாமணி ஒரு நாற்காலியைப் பிடித்தபடி குனிந்திருந்தார், நிமிரவில்லை.

"என்னா டீச்சர் சொல்றீங்க?" என்றாள்.

நான் மண்ணில் கிடந்த சுளையைப் பார்த்தேன்.

"அப்ப அன்னிக்கு அவுரு சாப்புட்டது?"

அறிவழகன்தான் சொன்னார். "அதனாலதாம்மா."

"ஒங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"அவுருக்கு?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளால் எங்களைத் திட்டியாவது மனசை ஆற்றிக்கொண்டிருக்க முடியும். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொய் வரவில்லை.

"அவருக்கும் தெரியும்மா."

இருசம்மாள் அழவில்லை. பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடினாள். இலைகளை அடுக்கிக் கட்டினாள். தெரிந்தே தின்றாரா, தெரிந்தே வீட்டுக்கு வந்து சிரித்துப் பேசினாரா என்றுதான் அவள் நினைத்திருப்பாள். தூக்கைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்விட்டாள்.

ராஜாமணி இப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. "எங்க அப்பா திதியில ஒரு உசுரு போயிருக்கு. இத ஏன் சார் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"முன்னாடியே சொன்னேன் சார்" என்றார் அறிவழகன்.

திங்கட்கிழமை பங்கில் டீசல் போடவில்லை. ராஜாமணி கணக்கை நிறுத்திவிட்டாராம். கெட்ட எண்ணத்தில் இல்லை. அந்த வண்டியில் இனி அவர் கை பட்டால் பாவம் கூடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பரிகாரத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போய் வந்தவர், மாசாமாசம் அங்கேயே அன்னதானத்துக்கு எழுதி வைத்துவிட்டார். அங்கே சாப்பிடுகிறவர்களுக்குக் கிட்னி நன்றாக இருக்கும், எனவே குறை ஒன்றும் வராது.

சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். அதற்கு மட்டும் எல்லாரும் வந்தார்கள்.

"சாவு வுழுந்த வண்டி" என்றார் பொன்னுரங்கம். "நாளைக்கி கேசு கீசுன்னு வந்தா சங்கத்து பேருதான் நாறும். எதுக்கு நமக்கு வம்பு?"

அறிவழகன் வாதாடவில்லை. வேன் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். ராஜினாமாக் கடிதத்தைக்கூட என்னிடம் கேட்காமல் அவரே கையால் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது வண்டி நகர் முகப்பில் நிற்கிறது. வளைவுக்கு எழுப்பியிருக்கும் தூண்களுக்குப் பின்னால் நிற்பதால் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது.

நான் பஸ்ஸில் போகிறேன். மூன்று நாளும் முடியவில்லை. புதன்கிழமையை விட்டுவிட்டேன். சிஸ்டர் திட்டுகிறாள். திட்டட்டும், அவளாவது திட்டுகிறாளே. கால் வீங்கிக்கொண்டு வருகிறது. அறிவழகனின் அக்கா விட்ட மாதிரிதான் நானும் விட ஆரம்பித்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அய்யனார் முதல் வாரம் என்னோடு பஸ்ஸில் வந்தார். திரும்பும்போது உட்கார இடம் இல்லை. ஒரு காலேஜ் பையனை அதட்டி எழுப்பி அவரை உட்கார வைத்தேன். புதுச்சத்திரம் வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தார். கண்டக்டர் கத்தினார். முதுநகரில் இறங்கும்போது அய்யனாருக்கு நிற்க முடியவில்லை. ஆட்டோ ஸ்டாண்ட் வரைக்கும் இரண்டு நோயாளிகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு போனோம்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. போன் போட்டால், "வெள்ளிக்கெழம வந்துடறேம்மா" என்றார். வெள்ளியும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் அவருடைய மகள் மகேஸ்வரி போன் செய்தாள்.

போய்ப் பார்த்தேன். சின்ன வீடு. வாசலில் பந்தல் போடக்கூட இடம் இல்லை. மகேஸ்வரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்களப் பத்தி அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரும்மா. அந்த டீச்சரம்மா இல்லன்னா அன்னிக்கே போயிருப்பேன், கைய தட்டிவுட்டு காப்பாத்துனாங்கன்னு சொல்லுவாரு. கடைசி வரைக்கும் நீங்க சொன்னத தாண்டல. வெறும் கஞ்சிதான். பலாப்பழம் வேணும்போல இருக்குடான்னு நேத்திக்கு சொன்னாரு. நாந்தான் கூடாதுப்பான்னு சொல்லிட்டேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவருடைய மூடிய வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு சுளையைத் தின்ன விட்டிருக்கலாம்.